விஜாதா: உஸ்மானிய இசைச் சுவடிகளும் அவற்றை வாசிக்கும் முறையும்

இஸ்லாமிய நாகரிகத்தின் இசை மரபு பற்றி எழுதப்பட்டுள்ள நூல்களில் இரு கூற்றுகள் எதிரெதிராக வைக்கப்படுவதைக் காணலாம். முஸ்லிம்கள் தமது இசையை எழுதி வைக்கவில்லை, ஆகவே அதன் பெரும்பகுதி அழிந்துவிட்டது என்பது ஒரு கூற்று. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்வழியாக வந்த மரபு எதனையும் இழக்கவில்லை, எழுத்தின் துணை அதற்குத் தேவைப்படவுமில்லை என்பது மற்றொரு கூற்று. முதலாவது கீழைத்தேயவாதிகளின் எழுத்துகளில் வேரூன்றியது. இரண்டாவது, அவர்களுக்கு மறுப்பு எழுதப் புகுந்தோரின் ஆர்வத்தில் பிறந்தது. எழுதப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் சுவடிகளைப் போதிய அளவில் கணக்கிலெடுக்கவில்லை என்பதே இவ்விரு கூற்றுகளுக்கும் பொதுவான குறைபாடாகும்.

இஸ்தான்பூல், அங்காரா, லண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களின் நூலகங்களில், 17ஆம் நூற்றாண்டு முதல் எழுதப்பட்ட உஸ்மானிய இசைக்குறிப்புச் சுவடிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுட் சில கடந்த நான்கு தசாப்தங்களில் பதிப்புக் கண்டுள்ளன. பல இப்போதுதான் பதிப்பிக்கப்பட்டு வருகின்றன. இச்சுவடிகள் எத்தகைய சாட்சியங்கள், அவை எதனைச் சொல்ல வல்லன, எதனைச் சொல்ல வல்லன அல்ல என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கான அளவுகோலை நாம் வெளியிலிருந்து இரவல் பெற வேண்டியதில்லை. வாய்வழி அறிவிப்பையும் எழுத்துச் சான்றையும் எடைபோடும் நுட்பமான முறையியலை ஹதீஸ் கலை அறிஞர்கள் உலகுக்கு வழங்கியுள்ளனர். ஓர் அறிவிப்பில் அறிவிப்பாளர் வரிசையாகிய இஸ்னாத், அறிவிக்கப்பட்ட வாசகமாகிய மத்ன் என இரு பகுதிகள் உண்டு. இரண்டும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. மார்க்கத்தின் மூலாதாரமான ஹதீஸையும் மனிதக் கலையான இசையையும் தரத்தில் ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஒப்பீடு முறையியலளவில் மட்டுமே நிற்கிறது. இசை பற்றிய ஃபிக்ஹு கருத்து வேறுபாடுகளும் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஒரு நாகரிகம் எதனை உருவாக்கியது, அதனை எவ்வாறு பாதுகாத்தது என்பதை அறிவது வரலாற்று மாணவரின் கடமை என்ற அளவிலேயே இவ்விடயம் அணுகப்படுகிறது.

குறிப்பெழுத்தை அறிந்திருந்தும் எழுதாத மரபு

முஸ்லிம் அறிஞர்கள் இசையை எழுதும் முறையை அறியாதிருந்தனர் என்பது உண்மைக்குப் புறம்பானது. 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி சுரங்களுக்கு அரபு எழுத்துகளைப் பெயராக இட்டார். 950இல் மறைந்த அல்-பாராபி தமது ‘கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்’ என்ற பெருநூலில் சுர இடைவெளிகளைக் கணித முறையில் ஆராய்ந்தார். அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானி தொகுத்த ‘கிதாபுல் அஃகானி’ ஆயிரக்கணக்கான பக்கங்களில் பாடல்களையும் பாடகர் வரலாறுகளையும் பதிவு செய்தது. பாடல்கள் இன்ன தாளத்தில், ஊத் வாத்தியத்தின் இன்ன விரல்நிலையில் பாடப்பட்டன என்பதையும் அது குறித்தது. ஆயினும் மெட்டு எழுதப்படவில்லை.

இத்துறையில் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டியவர் ஸஃபியுத்தீன் அல்-உர்மவி (மறைவு 1294) ஆவார். கடைசி அப்பாஸிய கலீஃபா அல்-முஸ்தஃஸிமின் அவையில் இசைஞராகவும் எழுத்தணிக் கலைஞராகவும் விளங்கிய இவர், 1258இல் பக்தாத் வீழ்ந்த பின்னர் மங்கோலிய ஆட்சியிலும் வாழ்ந்தார். இவரது ‘கிதாபுல் அத்வார்’ சுரத்தை அப்ஜத் எழுத்தாலும் அதன் கால அளவை எண்ணாலும் குறிக்கும் முறையைக் கையாண்டது. சில சிறு மெட்டுகள் அந்நூலில் அவ்வாறே எழுதப்பட்டும் உள்ளன. இவருக்குப் பின் தைமூரிய அவைகளில் புகழ்பெற்ற அப்துல் காதிர் அல்-மராகி (மறைவு 1435), தம் ஆக்கங்களைக் குறிப்பெழுத்தில் ‘கன்ஸுல் அல்ஹான்’ என்னும் நூலாகத் தொகுத்ததாக அறியப்படுகிறது. அந்நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

ஆக, கருவி கையில் இருந்தது. ஆனால் அது இசைக் கோட்பாட்டை விளக்கும் கருவியாகவே கருதப்பட்டது; ஆக்கங்களைப் பாதுகாக்கும் கருவியாகக் கொள்ளப்படவில்லை. இதனை அறியாமை என்பதைவிடத் தெரிவு என்பதே பொருந்தும். அத்தெரிவின் பின்னணியில் இருந்தது மெஷ்க் என்னும் கற்பித்தல் முறை.

மெஷ்க்: வாசகமின்றி வந்த இஸ்னாத்

‘மஷ்க்’ என்ற அரபுச் சொல் எழுத்தணிக் கலைக்குரியது. ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் மாதிரியைப் பார்த்து மாணவர் மீண்டும் மீண்டும் எழுதிப் பழகுவதை அது குறிக்கும். உஸ்மானியத் துருக்கியில் அச்சொல் இசைக் கல்விக்கும் பெயராயிற்று. எழுத்துப் பயிற்சியின் பெயரைத் தாங்கிய இம்முறையில் எழுத்து இடம்பெறவில்லை. ஆசிரியர் தொடையில் தாளம் தட்டியவாறு பாடலைப் பகுதி பகுதியாகப் பாடுவார். மாணவரும் தாளம் தட்டித் திருப்பிப் பாடுவார். முழுப்பாடலும் மனத்தில் பதியும்வரை இது தொடரும். தாளத்தைக் குறிக்கும் ‘உசூல்’ நினைவின் சட்டகமாக அமைந்தது. இராகத்தோடு ஒப்பிடத்தக்க ‘மகாம்’ அச்சட்டகத்துள் மெட்டின் போக்கை நெறிப்படுத்தியது.

மெஷ்க் மரபில் மாணவரின் தகுதி, அவர் யாரிடம் கற்றார் என்பதைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. இஸ்மாயீல் தெதெ எஃபெந்தி (1778–1846) 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த உஸ்மானிய இசை ஆக்குநர். ஹஜ்ஜுக்காகச் சென்றிருந்தபோது கொள்ளைநோய்க்கு ஆளாகிப் புனித மண்ணிலேயே மறைந்தார். அவரிடம் கற்றவர் ஸகாயீ தெதெ (1825–1897). ஸகாயீயிடம் கற்றவர்கள் அவருடைய மகன் அஹ்மத் இர்ஸோயும் அறிஞர் ரவூஃப் யெக்தாவும். இவ்வாறு 20ஆம் நூற்றாண்டுவரை தொடரும் வரிசைகள் பல உண்டு. இவை ஸில்ஸிலா என்றே போற்றப்பட்டன.

இம்முறையின் வலிமை வெளிப்படையானது. சுரத்தின் நுண்ணிய அசைவு, குரலின் ஏற்ற இறக்கம், சொல்லின் உச்சரிப்பு ஆகிய எவையும் எழுத்தில் முழுமையாக அடங்குவன அல்ல. அவை ஆளிலிருந்து ஆளுக்கே கடத்தப்பட முடியும். அதன் பலவீனமும் அவ்வளவு வெளிப்படையானது. ஷைகுல் இஸ்லாம் எஸ்அத் எஃபெந்தி (மறைவு 1753) ஏறத்தாழ நூறு இசைவாணர்களின் வரலாறுகளைத் தொகுத்தபோது, புகூரிஸாதா முஸ்தஃபா இத்ரீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்கங்களைச் செய்தவர் எனக் குறித்தார். இத்ரீ 1712 அளவில் மறைந்தார். இன்று அவர் பெயரால் அறியப்படுபவை ஏறத்தாழ நாற்பது மட்டுமே. ஒரு பாடலை அறிந்திருந்த கடைசி மனிதர் அதனை யாருக்கும் கற்பிக்காது மறையும்போது பாடலும் அவரோடு மறைகிறது.

எழுதப்பட்டவை பெரும்பாலும் பாடல் வரிகளே. ‘குஃப்தே மஜ்மூஆ’ எனப்பட்ட இத்தொகுப்புகளில் பாடலின் தலைப்பில் மகாமும் உசூலும் ஆக்கியோர் பெயரும் காணப்படும், மெட்டு இராது. நம் பகுதியின் பழைய கீர்த்தனை நூல்களில் இராகமும் தாளமும் மட்டும் குறித்துச் சுரத்தை எழுதாது விடும் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். 1694இல் மறைந்த ஹாஃபிஸ் போஸ்த் தொகுத்த மஜ்மூஆ தொப்காபி அரண்மனை நூலகத்தில் இன்றும் உள்ளது. பாடலை ஏற்கனவே அறிந்தவருக்கு அது நினைவூட்டல். அறியாதவருக்கு அது ஒரு பட்டியல் மட்டுமே.

எழுதியோர் யாவர்?

இத்தகைய மரபுக்குள்ளிருந்து மெட்டை எழுத முற்பட்டவர்கள் யாவர் என்பது சிந்தனைக்குரியது. அவர்களுட் பலர் அம்மரபுக்குள் வெளியிலிருந்து வந்தவர்கள், அல்லது இரு மரபுகளின் எல்லையில் நின்றவர்கள்.

முதலாமவர் அலீ உஃப்கீ. 1610 அளவில் போலந்து நாட்டில் பிறந்த இவரது இயற்பெயர் வோய்ச்சேக் போபோவ்ஸ்கி. தாத்தாரியரால் சிறைபிடிக்கப்பட்டு இஸ்தான்பூல் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட இவர், இஸ்லாத்தைத் தழுவி, சந்தூர் வாசிப்பவராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். பின்னர் அரசவை மொழிபெயர்ப்பாளரானார். பைபிளைத் துருக்கி மொழிக்குப் பெயர்த்தவரும் இவரே. ஐரோப்பிய ஐந்துகோட்டு இசைக்குறிப்பைச் சிறுவயதிலேயே கற்றிருந்த இவர், அரண்மனையில் கேட்டவற்றை அம்முறையில் எழுதினார். உஸ்மானிய எழுத்தின் போக்குக்கேற்ப அக்குறிப்பை வலமிருந்து இடமாக எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. ‘மஜ்மூஆயே ஸாஸ் ஓ ஸோஸ்’ என்ற இவரது தொகுப்பு, ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் சேகரிப்பின் வழியாக இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள மற்றொரு சுவடி அவரது குறிப்பேடாகும். பல மொழிகளில், பல விடயங்கள் கலந்து எழுதப்பட்டது அது. அரசவை வாத்திய இசை, நாட்டார் பாடல், தரீக்காக்களில் பாடப்பட்ட இலாஹிகள் ஆகியன இவரது தொகுப்பில் அருகருகே இடம்பெறுகின்றன. மரபுக்குள் பிறந்த ஒருவர் இவற்றை ஒரே ஏட்டில் எழுதியிருப்பாரா என்பது ஐயமே. அந்நியரின் பார்வைக்கு எல்லாமே எழுதத்தக்கதாகத் தோன்றியது; அதுவே நமக்குக் கிடைத்த நன்மை.

இரண்டாமவர் மொல்தாவிய இளவரசர் திமித்ரி காந்தெமிர் (1673–1723). தந்தையின் விசுவாசத்துக்குப் பிணையாக 1688இல் இஸ்தான்பூலுக்கு அனுப்பப்பட்ட இவர், தன்பூர் வாத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். 1700ஐ அண்டிய ஆண்டுகளில், எழுத்துகள் வாயிலாக இசையறிவை விளக்கும் நூல் ஒன்றை உஸ்மானியத் துருக்கியில் எழுதினார். தன்பூரின் ஒவ்வொரு சுரநிலைக்கும் ஓர் எழுத்து, அதன் கீழ் கால அளவைக் காட்டும் எண் என அமைந்தது அவரது முறை. ஏறத்தாழ 350 வாத்திய ஆக்கங்களை அவர் இவ்வாறு பதிவு செய்தார். ஹுஸைன் ஸஅதுத்தீன் அரெலின் சேகரிப்பில் இருந்த இச்சுவடி இஸ்தான்பூல் பல்கலைக்கழகத்தின் துருக்கியியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. 1711இல் காந்தெமிர் ரஷ்யாவின் பக்கம் சாய்ந்து உஸ்மானிய நாட்டை விட்டு நீங்கினார். எனினும் அவரது நூல் அங்கேயே வாசிக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கவ்ஸரீ முஸ்தஃபா எஃபெந்தி அதிலிருந்து பலவற்றைப் படியெடுத்து, அதே முறையில் வேறு ஆக்கங்களையும் சேர்த்தமை இதற்குச் சான்று.

மரபின் மையத்திலிருந்து எழுதியோரும் இருந்தனர். மவ்லானா ரூமியின் வழிவந்த மெவ்லவி தரீக்காவைச் சேர்ந்த அப்துல் பாகீ நாஸிர் தெதெ (1765–1821), ஸுல்தான் மூன்றாம் ஸலீமின் ஆதரவில் அப்ஜத் எழுத்து முறை ஒன்றை 1790களில் வகுத்தார். ஸலீம் தாமே சிறந்த இசை ஆக்குநர். அவர் ஸூஸிதில்ஆரா மகாமில் ஆக்கிய மெவ்லவி ஆயீன் நாஸிர் தெதெயின் ‘தஹ்ரீரிய்யா’வில் பதிவாகியுள்ளது. ஆயினும் அம்முறை பரவவில்லை.

பரவியது அர்மீனியத் தேவாலய இசைஞர் ஹம்பார்த்ஸும் லிமொன்ஜியான் (1768–1839) வகுத்த முறையே. பழைய அர்மீனியத் தேவாலயக் குறியீடுகளின் வடிவங்களைக் கொண்டு அவர் அமைத்த எளிய குறிப்பெழுத்து, 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அர்மீனியராலும் முஸ்லிம்களாலும் கையாளப்பட்டது. ஸுல்தான் ஸலீமின் கட்டளைக்கிணங்கவே அவர் இதனை உருவாக்கினார் எனப் பல நூல்கள் கூறுகின்றன. ஆனால் ஸலீம் 1807இல் பதவியிழந்து 1808இல் கொல்லப்பட்டார்; இம்முறையோ 1812ஐ அண்டி, அர்மீனியச் செல்வர் குடும்பம் ஒன்றின் ஆதரவில் உருவானதாகவே அர்மீனியச் சான்றுகள் காட்டுகின்றன. ஓர் அறிவிப்பைக் கால வரிசையோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் பழக்கம் இருந்திருப்பின் இக்கதை இத்தனை நூல்களில் இடம்பெற்றிராது.

சுவடிகளின் சாட்சியம்

இச்சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது எதிர்பாராத முடிவுகள் வெளிப்பட்டன. காந்தெமிரின் தொகுப்பை 1992இலும் அதற்கான விரிவுரையை 2000இலும் வெளியிட்ட ஓவன் ரைட், ‘உஸ்மானிய அரசவை இசை’ பற்றி 1996இல் நூலெழுதிய வால்டர் ஃபெல்ட்மன் ஆகியோரின் ஆய்வுகள் இவ்வகையில் முக்கியமானவை. காந்தெமிர் எழுதிய ஒரு பெஷ்ரவையும், அதே பெயரில் அதே ஆக்கியோருக்குரியதாக 19ஆம் நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட வடிவத்தையும் அருகருகே வைத்தால், பல வேளைகளில் அவை ஒரே ஆக்கம் என்று நம்புவதே கடினமாகிறது.

நிகழ்ந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலப்போக்கில் தாளச் சுற்று மெதுவாயிற்று. மெதுவான சுற்றில் ஏற்பட்ட இடைவெளிகளை இசைஞர்கள் புதிய சுரங்களால் நிரப்பினர். ஒரு தலைமுறையின் அலங்காரத்தை அடுத்த தலைமுறை ஆக்கத்தின் பகுதியாகவே கற்றது. அதன்மீது தன் அலங்காரத்தையும் சேர்த்தது. இவ்வாறு சுற்றுகளின் எண்ணிக்கையும் பகுதிகளின் அமைப்பும் ஓரளவு நிலைத்திருக்க, மெட்டின் உடல் முற்றாக மாறியது. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் கேட்டதையே கற்பித்ததாக மனமார நம்பினார். எவரும் பொய்யுரைக்கவில்லை, ஆயினும் இரு நூற்றாண்டுகளின் முடிவில் பொருள் வேறாகியிருந்தது.

ஹதீஸ் கலையின் வழக்கில் சொல்வதாயின், மெஷ்க் என்பது ‘ரிவாயத் பில் லஃப்ள்’ அன்று, ‘ரிவாயத் பில் மஃனா’வாகும். சொல்லுக்குச் சொல் அறிவிக்காது கருத்தை அறிவிக்கும் முறை அது. கருத்தை அறிவிப்பதற்கு ஹதீஸ் அறிஞர்கள் கடும் நிபந்தனைகள் விதித்தனர். வாசக வேறுபாடுகளையும் குறித்து வைத்தனர். இசை மரபில் அவ்வாறு குறித்து வைக்கும் வழக்கம் தோன்றவில்லை. ஆகவே மாற்றம் நிகழ்ந்ததை மரபு தானே அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதனை அறிவிக்கச் சுவடி தேவைப்பட்டது.

மற்றொரு வெளிப்பாடும் உண்டு. துருக்கிய இசை மரபில் மராகியின் பெயரால் பல பாடல்கள் பாடப்பட்டு வருகின்றன. மராகியின் காலத்துக்கும் அப்பாடல்கள் அவர் பெயரோடு இணைத்துப் பதிவான காலத்துக்கும் இடையிலான தூரத்தையும், அவற்றின் இசை அமைப்பையும் சோதித்த ஆய்வாளர்கள், அவை பிற்காலத்து ஆக்கங்களே என முடிவு செய்கின்றனர். இஸ்னாத் இடையில் அறுந்திருக்க, பெருமைக்குரிய ஒரு பெயர் தொடக்கத்தில் வைக்கப்பட்டது. முன்னோரை மதிக்கும் பண்பிலிருந்தே இது தோன்றியிருக்கலாம். எண்ணம் நல்லதாக இருப்பது அறிவிப்பை ஆதாரபூர்வமானதாக்கிவிடாது என்பதை ஹதீஸ் மாணவர் நன்கறிவர்.

பதிப்பாசிரியர் இரு சாரார்

சுவடிகளை அச்சேற்றும் பணியில் இரு பெரும் முயற்சிகளை ஒப்புநோக்குவது பயனுடையது.

முதலாவது, இஸ்தான்பூலின் தாருல் அல்ஹான் இசைக் கல்லூரியின் வகைப்படுத்தல் குழு. அது பணியாற்றிய காலத்தின் நெருக்கடியை மனத்திற் கொள்ள வேண்டும். 1925இல் தரீக்காக்களின் தக்கியாக்கள் சட்டத்தால் மூடப்பட்டன; மெவ்லவி ஆயீன்கள் வாழ்ந்த இடமே இல்லாதொழிந்தது. 1926இல் அக்கல்லூரியின் கீழைத்தேய இசைப் பிரிவு மூடப்பட்டது. 1928இல் அரபு எழுத்து நீக்கப்பட்டது. 1934 முதல் 1936 வரை துருக்கிய மரபிசை வானொலியில் தடை செய்யப்பட்டிருந்தது. இச்சூழலில் ரவூஃப் யெக்தா, அஹ்மத் இர்ஸோய், அலீ ரிஃப்அத் சகாதாய் முதலியோர் நினைவிலிருந்தவற்றையும் சுவடிகளில் இருந்தவற்றையும் ஐந்துகோட்டுக் குறிப்பில் வெளியிட்டனர். 1934 முதல் 1939 வரை வெளிவந்த மெவ்லவி ஆயீன் தொகுதிகள் அவர்களது பணியின் சிகரமாகும். அவர்கள் அன்று செய்யாதிருப்பின் இன்று விவாதிப்பதற்கே பல ஆக்கங்கள் இருந்திரா.

இந்நன்றியுணர்வோடு ஒரு குறையையும் சுட்டியாக வேண்டும். ஓர் ஆக்கத்துக்கு ஒரே வடிவத்தை அவர்கள் வெளியிட்டனர். அது எந்தச் சுவடியிலிருந்து, எந்த ஆசிரியரின் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது, வேறு பாடங்கள் எவை, எங்கே திருத்தம் செய்யப்பட்டது என்ற விவரங்களைத் தரவில்லை. அவர்களுட் சிலர் தாமே ஸில்ஸிலாவின் கண்ணிகளாக இருந்தமையால், தம் நினைவே போதிய சான்று என அவர்கள் கருதியிருக்கலாம். அவர்கள் வாழும்வரை அது சரியே. அவர்களுக்குப் பின் அச்சிடப்பட்ட தாள் மட்டுமே எஞ்சியது. மாணவர்கள் அதனையே மூலமாகக் கொண்டனர். நம்பகமான அறிவிப்பாளர்கள், அறிவிப்பாளர் வரிசையை நீக்கிவிட்டு வாசகத்தை மட்டும் விட்டுச் சென்றது போலாயிற்று.

இரண்டாவது முயற்சி, ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் மார்ட்டின் யேகரின் தலைமையில் 2015இல் தொடங்கப்பட்ட ‘கோர்ப்புஸ் மூஸிக்கே ஒட்டோமானிக்கே’ என்ற பதிப்புத் திட்டம். இஸ்தான்பூலிலுள்ள ஜெர்மானியக் கீழைத்தேய நிறுவனமும் இதில் பங்காளியாகும். 19ஆம் நூற்றாண்டின் ஹம்பார்த்ஸும் குறிப்பெழுத்துச் சுவடிகளும் ஐந்துகோட்டுச் சுவடிகளும் பாடல் வரித் தொகுப்புகளும் இத்திட்டத்தில் விமர்சனப் பதிப்பாக இணையத்தில் கட்டணமின்றி வெளியிடப்படுகின்றன. ஒவ்வொரு சுவடியும் தனித்த சாட்சியாகக் கருதப்படுகிறது. பல பாடங்களைக் கலந்து ‘சரியான’ ஒரு வடிவம் புனையப்படுவதில்லை. மூலத்தில் இருப்பது எது, பதிப்பாசிரியர் சேர்த்தது எது என்பது வேறுபடுத்திக் காட்டப்படுகிறது. அலீ உஃப்கீயின் பாரிஸ் குறிப்பேட்டை ஜூடித் ஹவுக் விரிவான ஆய்வோடு பதிப்பித்திருப்பதும் இதே நெறியில் அமைந்ததே.

மத்னைப் பொறுத்தவரை இதனைவிட நேர்மையான முறை இல்லை. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. காந்தெமிரும் ஹம்பார்த்ஸுமும் எழுதியவை சுரநிலைகளின் பெயர்கள். ‘ஸேகாஹ்’ என்ற சுரம் எவ்வளவு உயரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை எழுத்துச் சொல்வதில்லை. அது மகாமுக்கு மகாம், ஆசிரியருக்கு ஆசிரியர் நுண்ணளவில் வேறுபடும். அதனை 20ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட 24 இடைவெளிக் கோட்பாட்டின் குறியீடுகளால் ஐந்துகோட்டில் எழுதும்போது, பழைய சுவடியின்மீது பிற்காலக் கோட்பாடு ஒன்று போர்த்தப்படுகிறது. பதிப்பாசிரியர்கள் இதனை அறிந்தே செய்கின்றனர். பதிப்பைப் பார்த்து வாசிப்போர் அனைவரும் அறிவர் எனக் கூற முடியாது.

விஜாதாவின் தகுதி

ஹதீஸைப் பெறும் வழிகளை இப்னு ஸலாஹ் (மறைவு 1245) எட்டாக வகுத்தார். ஆசிரியரின் வாயிலிருந்து நேரடியாகக் கேட்பது அவற்றுள் முதன்மையானது. இறுதியில் வைக்கப்பட்டது ‘விஜாதா’. அதாவது, ஆசிரியரிடம் கேட்காமலும் அனுமதி பெறாமலும் ஒருவரது கையெழுத்துச் சுவடியைக் கண்டெடுத்து அதிலிருந்து அறிவது. ‘இன்னாரின் கையெழுத்தில் இதனைக் கண்டேன்’ என்றே அவர் சொல்ல வேண்டும். ‘இன்னார் எனக்கு அறிவித்தார்’ எனச் சொல்லலாகாது. எனினும் பிற்காலங்களில், நேரடி அறிவிப்பின் நிபந்தனைகள் நிறைவேற இயலாதபோது, விஜாதாவின்படி செயற்படுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் இப்னு ஸலாஹ் ஏற்றுக்கொண்டார்.

இசைச் சுவடிகளின் தகுதியை இதனைவிடத் துல்லியமாக வரையறுக்க முடியுமெனத் தோன்றவில்லை. காந்தெமிரின் ஏட்டைத் திறப்பவர் 1700ஐ அண்டிய இஸ்தான்பூலின் இசையைக் கேட்டுவிட்டதாகக் கூற முடியாது. அதனை எழுத்தில் கண்டதாகவே கூற முடியும். அந்த எளிய வேறுபாட்டை மறந்து, ‘மூல வடிவம் கிடைத்துவிட்டது, மரபாகப் பாடுவோர் பிழையாகப் பாடுகின்றனர்’ என்று முழங்குவோர் ஒரு சாரார். ஏட்டில் உள்ளது உயிரற்ற எலும்புக்கூடு, அதனால் பயனில்லை எனத் தள்ளிவிடுவோர் மற்றொரு சாரார். முதல் சாரார் விஜாதாவை நேரடிக் கேள்வியின் தரத்துக்கு உயர்த்துகின்றனர். இரண்டாம் சாரார் அது சான்றே அல்ல என்கின்றனர். இரண்டும் அறிவுநேர்மைக்கு மாறானவை.

மரபின் பாடகரிடம் இருப்பது இஸ்னாத். அவர் பாடும் வாசகம் எந்த நூற்றாண்டுக்குரியது என்பதை அவரால் கூற இயலாது. சுவடியிடம் இருப்பது நாள் குறிக்கத்தக்க மத்ன். அதனை எவ்வாறு ஒலிக்கச் செய்வது என்பதை அதனால் கூற இயலாது. ஒன்றின் குறையை மற்றொன்றே நிரப்ப முடியும். எனவே இனிவரும் பதிப்புகளில் சுவடியின் பாடத்தோடு, அதே ஆக்கம் இன்று எந்த ஸில்ஸிலாவில் எவ்வாறு பாடப்படுகிறது என்பதும் ஒலிப்பதிவாக இணைக்கப்பட வேண்டும். மரபாகப் பாடுவோரும் தாம் யாரிடம் பாடம் பெற்றனர், எந்த அச்சுத் தாளைப் பின்பற்றுகின்றனர் என்பதை மறைக்காது கூற வேண்டும்.

இவற்றோடு நடைமுறைத் தடைகள் சிலவும் உள்ளன. கவ்ஸரீயின் மஜ்மூஆ நெடுங்காலம் தனியார் வசமிருந்து ஆய்வாளருக்கு எட்டாதிருந்தது. அங்காரா தேசிய நூலகத்தில் இருந்த நுண்படச் சுருளைக் கொண்டே மெஹ்மெத் உகூர் எகிஞ்சி அதனை 2012இல் ஆய்வுலகுக்கு விரிவாக அறிமுகப்படுத்தி, 2016இல் பதிப்பித்தார். ஒரு சுவடி ஒரு குடும்பத்தின் பெருமையாகப் பெட்டிக்குள் இருப்பதற்கும், யாருக்கும் கற்பிக்காது மறைந்த பாடகரின் நினைவுக்கும் விளைவில் வேறுபாடில்லை. மேலும், 1928க்குப் பின் கல்வி கற்ற தலைமுறைகளுக்கு அச்சுவடிகளின் தலைப்புகள்கூட அந்நிய எழுத்தாகிவிட்டன. அர்மீனிய எழுத்தில் துருக்கி மொழியை எழுதிய சுவடிகளை வாசிக்க வல்லோர் அதனினும் அரிது.

இறுதியாக ஒன்றைக் கூறலாம். முஸ்லிம் அரசவையின் இசையை நமக்காகக் காத்துத் தந்த எழுத்துகள் போலந்துச் சிறைக்கைதி, மொல்தாவிய இளவரசர், மெவ்லவி தர்வேஷ், அர்மீனியத் தேவாலயப் பாடகர் ஆகியோரின் கைகளிலிருந்து வந்தவை. இதனைக் குறைவாகக் கருதுவதற்கு ஏதுமில்லை. அறிவிப்பாளரின் ஊரையும் குலத்தையும் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், அவரது நேர்மையையும் துல்லியத்தையும் கொண்டே தீர்ப்புச் சொன்ன ஓர் அறிவு மரபின் வாரிசுகள் நாம். தம் காலத்தில் கேட்டதைக் கேட்டவாறே எழுத முயன்ற இவர்களது ஏடுகளை அதே அளவுகோலால் எடைபோட்டு வாசிப்பதே, எழுதியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் ஒருங்கே நாம் செலுத்தக்கூடிய நியாயமாகும்.